குறுக்கே போன கோடு

வண்டியை நிறுத்தியபோது அந்தப் பனிவெளியில் கோடு எதுவும் இல்லை. அஃப்ராவுக்கு அது நன்றாகத் தெரியும். இறங்கப் பயந்துகொண்டு, கண்ணாடி வழியாக அந்த வெளியையேதான் அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரவு விழுந்த பனி ஒரு காக்கைக் கால்கூடப் படாமல் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒருவழியாக இறங்கினாள், பூட்ஸை மாட்டினாள், ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் தோல்பட்டையை இழுத்து ஒட்டினாள், மார்பில் கட்டியிருந்த பீப்பரின் திருகைத் திருப்பினாள். நிமிர்ந்தாள். கோடு இருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, கை அகலம்தான். அது மேலிருந்து இறங்கி வரவுமில்லை, கீழிருந்து ஏறிப் போகவுமில்லை. வெளிக்குக் குறுக்கே, வேலியிலிருந்து ஓடைவரை, பனி மெல்ல உள்வாங்கிப் போயிருந்தது. போர்வைக்கு அடியில் யாரோ விரலை ஓட்டி, விரலை எடுத்ததும் துணி அப்படியே தாழ்ந்து நின்றுவிட்டதுபோல.

"ரெஸி, அங்க பாரேன். அது முன்னாடியே இருந்துச்சா?"

ரெஸி வாய் நிறைய ரொட்டியோடு திரும்பினாள். "எலிடி. பனிக்கு அடியில ஓடும், மேல இருக்கிற பனி உக்காந்துடும். உன் வீட்டுப் பின்னால பார்த்ததே இல்லியா?"

"இவ்ளோ நேராவா ஓடும்?"

"டிரோல் மலை எலிடி அது, ஒழுங்கா வளர்ந்தது. நம்ம ரோமெட் மாதிரி கோணலா நடக்காது."

ரெஸியின் தம்பி ரோமெட் வண்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். மலை மீட்புக் குழுவில் இருப்பவன், தடித்த ஆள், மீசையில் எப்போதும் டீ. "கேக்குது, கேக்குது. மேல போனதும் யாரு கோணல்னு பாப்போம்."

"உன் தொப்பை ஏறி வர்றதுக்குள்ள சூரியன் அந்தப் பக்கம் இறங்கிடும்டா!"

அஃப்ரா சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதற்காகத்தான் இவர்கள் இரண்டு பேரும் கிறிஸ்துமஸிலிருந்து அவளைப் படுத்தி எடுத்தார்கள். பால்பண்ணைக் கடைக்கு வந்து, சீஸ் வாங்குகிற சாக்கில் கல்லாவின்மேல் சாய்ந்துகொண்டு, ஒரு நாள் வா, ஒரே ஒரு நாள், குழந்தைகள் ஏறுகிற மலைக்குப் போவோம், வேறு பள்ளத்தாக்கு, பனிச்சரிவே வராத சரிவு, நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போவோம் என்று. கடைசியில் அவள் சரி என்றது அவர்களுக்காகக்கூட இல்லை. வீட்டில் மாடிப்படிக்குக் கீழே அவள் கணவன் காசியனின் ஸ்கீகள் நிற்கின்றன. அவற்றைத் தாண்டி நடப்பதைவிட மலை ஏறுவது எளிது என்று ஒரு காலையில் தோன்றிவிட்டது.

காட்டுப் பாதையின் வாயிலில் ரோமெட் கையை உயர்த்தி நின்றான். யாராயிருந்தாலும் கிளம்புமுன் இதைச் செய்துதான் ஆகவேண்டும். ஒருவர் தன் பீப்பரைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போகவேண்டும். ஒவ்வொருவரின் பீப்பரும் 'நான் இங்கே, நான் இங்கே' என்று அனுப்பும் குறி அவர் கையில் ஒலிக்கவேண்டும். பனிக்குள் புதைந்தால் அந்த ஒலியை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ரெஸி ஒரு காலைத் தூக்கி ராணி மாதிரி தாண்டினாள். பீப். அஃப்ரா தாண்டினாள். பீப்.

"உன்னோடது நல்லா சத்தமா கேக்குது," என்றான் ரோமெட். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்பதுபோல மீசையைத் துடைத்துக்கொண்டான்.

போன பிப்ரவரிக்குப் பிறகு அந்தக் கருவியை அஃப்ரா உயிர்ப்பித்தது இன்றுதான் முதல்முறை.

காடு முழுக்க வெயில் சொட்டிக்கொண்டிருந்தது. கிளைகளில் குந்தியிருந்த பனி தளர்ந்து பொத்தென்று விழும். அதன் பின்னால் பொடிப்பனி புகைபோல இறங்கி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் தொங்கும். பிசின் வாசனையும் ஈர மரப்பட்டை வாசனையும் ரெஸியின் முதுகுப் பையிலிருந்து வந்த புகைபோட்ட பன்றிக்கறி வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். தோல்பட்டைகள் பனியில் இழுபடும் சத்தம், ஸ்ஸ்ஸ்க், ஸ்ஸ்ஸ்க், தூங்கும் ஆளின் மூச்சுபோல ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் காசியனுக்குப் பின்னால் நடந்துகொண்டே எத்தனையோ குளிர்காலம் அவள் கேட்டிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். சத்தம் நின்றால் மட்டும் பார்ப்பான்.

மரங்கள் விலகிய ஓரிடத்தில் கோடு மறுபடி வந்தது. இங்கே சாலைபோல அகலமான சரிவு. அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய், திரும்பி, சற்று மேலே ஏறி, மறுபடி குறுக்கே. மறுபடி திரும்பி, மறுபடி குறுக்கே. வயல் உழுதமாதிரி.

"எலிக்கு வேற வேலையே இல்லியா?" என்றாள் அஃப்ரா.

ரெஸி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

வூம்ம்.

காதைவிட வயிற்றில்தான் அது முதலில் கேட்கும். பனிக்குள் ஓர் அடுக்கு உடைந்து, மேலே இருப்பது மொத்தமாக ஒரு விரல்கடை இறங்கும்போது வரும் சத்தம். பனிச்சரிவு மலைகளில் அதைக் கேட்டால் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள். மூன்று பேரும் நின்றார்கள். எதுவும் நகரவில்லை. ரோமெட் குனிந்து ஊன்றுகோலைத் தலைகீழாகப் பனிக்குள் செருகிப் பார்த்தான், கையால் ஒரு குழி வெட்டிப் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தான்.

"கெட்டியா இருக்கு. அடுக்கே இல்ல. இங்க எதுவும் உடைய முடியாது."

"அப்போ என்னடா சத்தம்?" என்றாள் ரெஸி.

"தெரியல அக்கா," என்றான். அவன் அவளை அக்கா என்று கூப்பிடுவது கேலிக்கு மட்டும்தான். இப்போது கேலி இல்லை.

அதற்குப் பிறகு ரெஸிதான் பேசிக்கொண்டே வந்தாள். கம்பிவட வண்டி நிலையத்துக்குப் புதிதாக வந்த மானேஜர் தன் காலுறையை ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது, பாதிரியாரின் பூனை தேவாலயத்தில் குட்டி போட்டது. அஃப்ரா உம் உம் என்றாள். அவள் காது பின்னால் இருந்தது. ஸ்ஸ்ஸ்க், ஸ்ஸ்ஸ்க் என்று மூவரின் சத்தத்துக்கும் கீழே, வெகு கீழே, வேறொன்று அவளோடு வந்தது. அவள் நின்றால் நின்றது.

மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. எல்லாம் வெள்ளை, எல்லாம் நீலம். இப்படித்தான் அன்றும் இருந்தது.

அன்று முதலில் பனிச்சரிவு அடித்துக்கொண்டுபோனது அஃப்ராவைத்தான். சிறிய சரிவுதான், ஆனாலும் அவளை முழுக்க மூடிவிட்டது. மூன்று பேரும் பீப்பரைத் தேடும் நிலைக்கு மாற்றினார்கள். தேடும் பீப்பர் குறி அனுப்பாது; கேட்கத்தான் செய்யும். அதுதான் அந்தக் கருவியின் விதி. ரோமெட்டும் ரெஸியும் மேலிருந்து வந்தார்கள், காசியன் பாறைத் திட்டுக்கு அந்தப்பக்கம், கீழேயிருந்து வந்தான். ரோமெட்தான் முதலில் அவளைக் கண்டுபிடித்தான். தோண்டி எடுத்தான். எடுத்ததும், மீட்புக் குழுவில் சொல்லிக்கொடுத்தபடி, அவள் மார்பிலிருந்த பீப்பரை அணைத்தான். கண்டுபிடித்த ஆளின் குறி, இன்னும் புதைந்திருப்பவர்களைத் தேடுவதைக் குழப்பக்கூடாது. யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பாறைக்கு அந்தப்பக்கம் காசியனின் கையில் அவள் குறி நின்றுபோனது.

இரண்டு பேரும் கத்தினார்கள், கிடைச்சுட்டா, உயிரோட இருக்கா என்று. காற்று தின்றுவிட்டது. தொலைந்துபோன குறியைத் தேடி அவன் இன்னும் கீழே, ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கினான். இரண்டாவது பனிச்சரிவு அங்கேதான் வந்தது. அவன் பீப்பர் தேடிக்கொண்டிருந்தது, அனுப்பவில்லை. இருட்டும்வரை கம்பியால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தும் அவன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஜூன் மாதம் பனி உருகி, ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்தார்கள். கருவி கைக்குள் இருந்தது. திருகு 'தேடு' என்பதில் இருந்தது.

ரோமெட்டை அவள் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. இரவுகளில் அவள் நினைப்பது வேறு. அந்தச் சிறிய திரையில் எண் குறைந்துகொண்டே வந்திருக்கும், கிட்டே வந்துவிட்டோம் என்று அவன் மூச்சுவாங்க ஓடியிருப்பான், அப்புறம் திரை வெறுமையாகியிருக்கும். அவள் போய்விட்டாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான். அந்த நினைப்போடுதான் போனான்.

உச்சியில் மரச்சிலுவைக்கு அடியில் கையுறைகளைக் கழற்றி ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள். உச்சியில் வெறுங்கையால்தான் கொடுக்கவேண்டும். ரெஸி கை கொடுத்ததோடு நிற்காமல் கட்டிப்பிடித்து அஃப்ராவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "வந்துட்டடி," என்றாள். "வந்துட்ட பாரு." குரல் உடைந்தது. அஃப்ராவும் அழுதாள். வலிக்காத அழுகை. ஒரு வருஷத்தில் முதல்முறையாகப் பசித்தது அவளுக்கு.

"ரோமெட், கறிய வெட்டு. எங்க போற நீ?"

ரோமெட் உச்சியின் விளிம்பில், அவர்களுக்கு முதுகு காட்டி நின்றான். அஃப்ரா அவன் பக்கத்தில் போய்க் கீழே பார்த்தாள்.

மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு கோட்டுக்கும் நீல நிழல் விழுந்திருந்தது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து தொடங்கி, காட்டு இடைவெளிகள் வழியாக, பெரிய பெரிய மடிப்புகளாகக் குறுக்கும் நெடுக்கும். மரங்கள் முடியும் இடத்தில் மடிப்பு நின்று, வில்லாக வளைந்து அவர்கள் ஏறிய தடத்தோடு சேர்ந்துகொண்டது. பிறகு தடத்தை விடவே இல்லை. கூடவே. மேலே. மேலே.

"எலி இல்ல அது," என்றாள் அஃப்ரா.

ரோமெட்டின் மீசைக்குக் கீழே உதடு வெள்ளையாக இருந்தது. "தேடுற முறை. முதல்ல குறி கிடைக்கிறவரைக்கும் குறுக்கும் நெடுக்கும். கிடைச்சதும் வளைஞ்சு நேரா அதை நோக்கி. நான் வருஷா வருஷம் பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக்குடுக்கிறேன்." கோலால் கீழே காட்டினான். "பனிக்கு மேல. இது அடியில போயிருக்கு."

"யாரைத் தேடுது?" என்றாள் ரெஸி.

ரோமெட்டின் பார்வை அஃப்ராவின் மார்பிலிருந்த பீப்பரில் நின்றது.

"அஃப்ரா," என்றான் ரோமெட், மெதுவாக, தூங்கும் குழந்தை பக்கத்தில் பேசுவதுபோல. "உன் பீப்பரை அணைச்சுடும்மா."

"ரோமெட்..."

"அணைச்சுடு. கேள்வி வேணாம். இன்னிக்கு அது இல்லாம இறங்குவோம்."

அவள் திருகைத் திருப்பினாள். சிறிய பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது.

முதலில் எதுவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் நின்றார்கள். உச்சிக்கு மிக அருகே, ஐம்பதடி கீழே, தடத்தை ஒட்டி வந்த கோடு நின்றிருந்தது.

வூம்.

கோடு இடப்பக்கம் பாய்ந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. பனி ஒரு கோடாகத் தாழ்ந்துகொண்டே போனது. நின்றது. திரும்பியது. வூம். வலப்பக்கம். வந்த வழியே பின்னால் கொஞ்ச தூரம், மறுபடி மேலே, வட்டமாக, ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாக. முறை எதுவும் இல்லை இப்போது. சரிவு முழுக்க அது ஓடியது. ஓடிக் கீழே இறங்கியது. இன்னும் கீழே. பள்ளத்தைப் பார்த்து.

"கும்பிடுறேன், கிளம்புங்க," என்று ரெஸி தேம்பினாள். "இப்பவே கிளம்புங்க."

அஃப்ராவால் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்படியானால் இப்படித்தான் இருந்திருக்கிறது. அன்று பாறைக்கு அந்தப்பக்கம் யாரும் பார்க்கவில்லை. இந்தப்பக்கம் அவள் ரெஸியின் மேலங்கிக்குள் சுருண்டு, மூச்சு விட்டுக்கொண்டு, சூடான டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்தப்பக்கம் அவன் இப்படி ஓடியிருக்கிறான்.

தோல்பட்டைகளை உரித்தார்கள். ரோமெட்தான் ரெஸியின் பூட்ஸின் கொக்கியை மாட்டிவிட்டான். கோடுகள் இல்லாத வடக்குச் சரிவு வழியாக இறங்குவது என்று முடிவானது. செங்குத்து அதிகம். அதனால் ஒருவர் பின் ஒருவராக. ஒருவர் இறங்கிப் பத்திரமான இடத்தில் நின்று கோலை உயர்த்தினால்தான் அடுத்தவர்.

"நான் முதல்ல. அப்புறம் ரெஸி. அஃப்ரா, நீ கடைசி. நான் கோலைத் தூக்கினதும் வந்துடணும். அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காத. சரியா?"

"சரி."

"என்னைப் பாத்துச் சொல்லு."

"சரிடா."

ரோமெட் போனான். பொடிப்பனி அவனுக்குப் பின்னால் இறகுபோல எழுந்து வெயிலில் பொன்னாக மாறியது. எவ்வளவு அழகான நாள். வெகு கீழே ஒரு பாறை மேட்டில் பொம்மை அளவில் நின்று கோலை உயர்த்தினான். ரெஸி அஃப்ராவின் கையை ஒரு முறை அழுத்தினாள். "கீழ பாக்கலாம்டி," என்றாள். போனாள்.

அஃப்ரா தனியாக நின்றாள். காற்று இல்லை. அந்தப்பக்கத்துப் பள்ளத்திலிருந்து சத்தம் ஏறி வந்தது. வூம். இடைவெளி. வூம். ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தூரத்தில். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெலிவாக. களைத்துப்போன ஒருவன் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே தெருக்கோடிக்குப் போவதுபோல.

கீழே கோல் உயர்ந்தது. ரெஸி இறங்கிவிட்டாள். இப்போது அவள் முறை. போய்விடலாம். வண்டி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, திங்கட்கிழமை கடை இருக்கிறது. இன்று அவளுக்குப் பசித்தது, சிரிப்பு வந்தது. போனால் வாழ்ந்துவிடலாம், அது அவளுக்குத் தெரிந்தது.

வூம்.

இனிமேல் கேட்காது என்கிற தூரத்தில்.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் அஃப்ரா, யாருக்கும் கேட்காத குரலில். "எனக்கு ஒண்ணும் ஆகல. காசியன், எனக்கு ஒண்ணுமே ஆகல."

திருகைத் திருப்பினாள்.

பச்சை விளக்கு.

கீழே ரோமெட் கத்துவது கேட்டது. கோலை ஆட்டினான், இரண்டு கையையும் ஆட்டினான். அப்புறம் ஸ்கீயைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பளவுப் பனியில் மேலே ஓடிவரத் தொடங்கினான். வெகு தூரம் அது.

பள்ளத்தில் சத்தம் நின்றிருந்தது. முழு அமைதி. அப்புறம் கோடு வந்தது. மடிப்பு இல்லை, வளைவு இல்லை. சரிவை நேராகக் கிழித்துக்கொண்டு.

பத்தடி தூரத்தில் வேகம் குறைந்தது.

மெதுவாக. மிக மெதுவாக.

அவள் ஸ்கீகளைக் கழற்றினாள். முழங்கால் போட்டாள். அவளைச் சுற்றிப் பனி ஒரு சிலுவைபோலத் தாழ்ந்தது. முன்னால் பின்னால், இடமிருந்து வலம். புதைந்தவர் சரியாக எங்கே என்று கருவியைத் தாழ்த்திப் பிடித்து அளப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நின்றது. அவளுக்கு நேர் கீழே.

பனியிலிருந்து ஒரு கம்பி மேலே வந்தது.

விரல்கடை நீளம். புதைந்தவரைத் துழாவும் கம்பியின் முனை. உள்ளே போனது. ஒரு சாண் தள்ளி மறுபடி வந்தது. உள்ளே போனது. இன்னொரு சாண். அவள் தொடையில் பட்டது. அழுத்திப் பார்த்தது. கல்லா, மண்ணா, ஆளா.

ஆள்.

கம்பி அசையாமல் நின்றது. ஆள் பட்டுவிட்டால் அதை எடுக்கமாட்டார்கள்.

அடியில் தோண்டும் சத்தம். அவசரமாக. மூச்சுவாங்க. அவனுக்கு அவள்தான் புதைந்தவள். இந்த வெயில், இந்த நீலம், இது எல்லாமே அவனுக்குப் பனி.

"அஃப்ரா! எந்திரி! எந்திரி!" ரோமெட் அழுதுகொண்டே ஏறினான்.

ஓடத்தான் நினைத்தாள். காலும் எழுந்தது. ஆனால் தோண்டும் சத்தம் ஒரு கணம் தயங்கியது, மறுபடி இழந்துவிட்டோமோ என்பதுபோல. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. குப்புறப் படுத்தாள். கன்னத்தைப் பனியில் வைத்தாள்.

கன்னத்துக்குப் பக்கத்தில் பனி உதிர்ந்தது. ஒரு துளை. உள்ளே நீல வெளிச்சம். அதிலிருந்து விரல்கள். கையுறை இல்லை. நகம் இல்லை. நுனிகளில் தசையும் இல்லை, தோண்டித் தோண்டித் தேய்ந்துபோய். அவை அவள் நெற்றியைத் தடவின. மூக்கைத் தடவின. எவ்வளவு மென்மையாக. வாயைக் கண்டுபிடித்தன.

முதலில் வாயிலிருந்து பனியை எடுக்கவேண்டும். அப்போதுதான் ஆள் மூச்சு விடும்.

விரல்கள் உதட்டைப் பிரித்து உள்ளே நுழைந்து பனியை வாரின.

வாயில் பனி இல்லை.

இன்னும் ஆழமாக நுழைந்து வாரின.

ரோமெட் வந்து சேர்ந்தபோதும் வெயில் அப்படியேதான் இருந்தது. அஃப்ரா குப்புறக் கிடந்தாள். அவள் பக்கத்தில் பனி சிவந்து போயிருந்தது, அவள் தொண்டை உள்ளேயிருந்து அசைந்துகொண்டிருந்தது. அந்த விரல்கள், அன்போடு, அவசரமாக, இன்னும் தோண்டிக்கொண்டிருந்தன.